நாளைக்கு வரும்

நாற்பதுகளில் திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ‘இல்லாக்கடை’ என்று ஒரு கடை இருந்தது. பெயரைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. கேட்ட சாமான் தீர்ந்துபோயிருந்தால், ‘இல்லை’ என்று தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லுகிற வியாபாரியை யார் பார்த்திருக்கிறார்கள்? இத்தனைக்கும் அதே கடைக்கு அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ‘எல்லாக்கடை’ என்று பெயர். மாறியது ஒரே ஓர் எழுத்து. அது எப்படி மாறியது என்பது சிரித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்காரர் பகவதிப்பெருமாள் பிள்ளை, நாஞ்சில் நாட்டு வடசேரிக்காரர். பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் ஏழெட்டு வருஷம் பொட்டலம் மடித்தவர். கொல்லம் ஆண்டு 1107இல், இங்கிலீஷ் கணக்குக்கு 1931இல், ரயில் தம்பானூர் வரை வந்தது. ஊரே மாலை போட்டு வேடிக்கை பார்த்தது. இவர் மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை, இறங்கின ஆட்களைப் பார்த்தார். விடியற்காலையில் கைக்குழந்தையோடு இறங்கியவள் பாலுக்கு அலைகிறாள். ஒருவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்கு நிற்கிறார். கோர்ட்டுக்கு வந்த கிழவருக்குச் சட்டைப் பித்தான் அறுந்து கிடக்கிறது, ஊசி நூல் வேண்டும். சாலைக் கடைத்தெருவிலோ வெயில் ஏறி, சாமிக்குச் சூடம் காட்டி, ஆளுக்கொரு வெற்றிலை போட்ட பிறகுதான் நிரைப்பலகையை எடுத்துக் கடை திறப்பார்கள்.

அடுத்த மாதமே நிலையத்துக்கு எதிரே எட்டடி அகலத்தில் ஓர் அறையைப் பிடித்தார். முதல் வண்டி வருவதற்கு முன்னால் திறப்பார், கடைசி வண்டி போன பிறகே அடைப்பார். வெற்றிலை முறுக்கானும் சோடாவும் வாழைக்குலையும் எல்லாரும் வைப்பதுதான். அவர் பால் வைத்தார், முட்டை வைத்தார், தபால் கார்டு, பென்சில், தலைவலித் தைலம், குடைக்கம்பி, பிள்ளைகளுக்கு ஓமத்திரவம், சாவுக்குப் போகிறவர்களுக்கு ஊதுபத்தி என்று எல்லாம் வைத்தார். மலையாளத்து ஆட்களும் தமிழாட்களும் ஒரே வாயாக ‘எல்லாக்கடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் எங்கோ ஐஸ் விற்கிற டிப்போக்காரர்கள், ஆள் வருகிற நேரத்துக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்தார்களாம். பிற்பாடு அது உலகம் முழுக்கப் பரவி, இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனியாக நிற்கிறது. அவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, பகவதிப்பெருமாளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. மனுஷனுக்குத் தேவை நேரம் பார்த்து வராது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம் போலிருக்கிறது.

வியாபாரிகள் பரம்பரையாகக் காத்துவந்த சாஸ்திரம் எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டார். விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, சுண்ணாம்பு கொடுக்கக்கூடாது என்பார்கள். அவர் மூன்றையும் விற்றார். மனைவி வடிவாம்பாள் பதறிப்போனாள்.

“வெளக்கு வச்ச பொறவு உப்பத் தூக்கிக் குடுத்தா லெச்சுமி எறங்கிப் போயிருவா, கேட்டேளா?”

“சாயங்கால வண்டி வெளக்கு வச்ச பொறவுதானட்டி வருது? டிரைவர்கிட்டப் போயி, வண்டிய அந்திக்கு முந்திக் கொண்டு வாடேன்னு சொல்லட்டா?”

ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. கடையில் இருந்துகொண்டு ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னால் அது பலித்துவிடும், கல்லாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். அரிசி தீர்ந்தால் ‘அரிசி நிறைஞ்சு போச்சு’ என்பார்கள். சாமான் தீர்ந்தால் ‘நாளைக்கு வரும்’ என்பார்கள். வாங்க வருகிறவர்களுக்கும் இது தெரியும். ‘நாளைக்கு வரும்’ என்று காதில் விழுந்ததும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். சொன்னவருக்கும் பொய் சொன்ன உறுத்தல் கிடையாது, கேட்டவருக்கும் ஏமாந்த வருத்தம் கிடையாது.

பிறகு யுத்தம் வந்தது. கொல்லம் 1118 ஐப்பசியில், அதாவது 1942 கடைசியில், மண்ணெண்ணெய் கிடையாது, பர்மா அரிசி கிடையாது, தீப்பெட்டி பாதி நாள் கிடையாது. எல்லாக்கடையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘நாளைக்கு வரும்’ ஒலித்தது. சொல்லிச் சொல்லிப் பகவதிப்பெருமாளுக்கு அது கொட்டாவி மாதிரித் தன்னால் வரத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஞானபாய் வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். முப்பது வயது இருக்கும். விதுரை வரை காட்டு வழியாக நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது.

“அண்ணாச்சி, கொய்னா மாத்திர உண்டா? மலக்காய்ச்சலுக்குக் குடுக்கியது.”

மலேரியாவுக்கான கொய்னா ஜாவாத் தீவான சாவகத்திலிருந்து வர வேண்டும். சாவகம் ஜப்பான்காரன் கையில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பகவதிப்பெருமாள் யாருக்கோ வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நாளைக்கு வரும்.”

“நாளைக்கு எப்ப அண்ணாச்சி?”

“காலத்த வா, எம்மா.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எங்கே போனாள் என்று அவர் பார்க்கவில்லை. நிலையத்து முற்றத்தில் நின்ற புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து கேட்டாள். “நாளைக்கு வரும்” என்றார். புதன்கிழமையும் வந்தாள். அதே பதில்தான் கிடைத்தது. மூன்று நாளும் ஒரே ஆள்தான் வந்து கேட்கிறாள் என்பதுகூட அவர் புத்தியில் ஏறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சோறு கொண்டுவந்த வடிவாம்பாள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அந்தப் புளிய மூட்டில ஒருத்தி இருக்காளே, யாரு அவ?”

“வண்டிக்கு வந்தவளா இருக்கும்.”

“வண்டிக்கு வந்தவ மூணு நாளு இருப்பாளா? நான் போய்க் கேட்டுட்டுத்தான் வாறேன். அவ ஒங்களுக்காக்கும் காத்துக்கிட்டு இருக்கா. மாப்பிள்ளைக்கு மலக்காய்ச்சலாம். தோட்டத்து டிஸ்பென்சரில மருந்து தீந்து போச்சாம். டவுண் ஆசுபத்திரில கேட்டா ஆளக் கொண்டுவான்னு சொல்லுகாவளாம். கெடையில கெடக்கியவன மலையிலேருந்து யாரு செமப்பா? ‘எல்லாக்கடை அண்ணாச்சி நாளைக்கு வரும்னு சொல்லியிருக்காரு’ன்னு எங்கிட்டச் சொல்லுகா.”

பகவதிப்பெருமாள் கையில் எடுத்த சோற்றுருண்டையைத் திரும்ப வைத்தார். தோட்டத்தில் கடை ஏது, கடைப்பேச்சு ஏது? மலையில் வளர்ந்தவள், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். ‘நாளைக்கு வரும்’ என்றால் நாளைக்கு வரும்.

“இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கோ” என்றாள் வடிவாம்பாள். “பாவம், அவ வேற வழி பாப்பா.”

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்து போனார். மரத்தடியில் அவள் மடியிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவசரமாக எழுந்தாள். மருந்து வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது இவருக்கு நாக்கு புரளவில்லை. சாஸ்திரம் பாதி, இரக்கம் பாதி, தன் கடைக்குப் பெயர் கெட்டுவிடுமோ என்ற வீம்பு கொஞ்சம். எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சொல்லை மறித்துவிட்டன.

“நாளைக்கு வரும், எம்மா” என்றார். “நாளைக்கு நிச்சயமா வரும்.”

இந்தத் தடவை மனசாரச் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையை வடிவாம்பாளிடம் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினார். மருந்துக்கடை, நாட்டு மருந்துக்கடை, தாம் முன்பு நின்ற பலசரக்குக் கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எல்லாரும் தெரிந்தவர்கள். எல்லாரும் சிரித்த முகமாகவே சொன்னார்கள், “நாளைக்கு வரும், பிள்ளே.” ஒன்பதாவது கடையில் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“உண்டுமா இல்லியா, அதச் சொல்லுமே!”

கடைக்காரர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். இவரே கடைக்காரர், இவருக்குமா விளங்கவில்லை என்ற பார்வை. இருபது வருஷமாகத் தாம் சொன்ன சொல் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்கும் என்று பகவதிப்பெருமாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் உதவியவர் ரயில்வே கார்டு ஞானையன். செங்கோட்டை வண்டியில் போய் வருகிறவர், தினமும் எல்லாக்கடையில் முறுக்கான் போடுகிறவர். செங்கோட்டையில் ஒரு டாக்டரைத் தெரியும் என்றார். வியாழக்கிழமை மத்தியானம் அவர் பச்சைக்கொடியோடு கடைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து பன்னிரண்டு மாத்திரை மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பகவதிப்பெருமாளே அதை மரத்தடிக்குக் கொண்டுபோனார். ஞானபாய் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விலை கேட்டாள், அவர் வாங்கவில்லை.

“கர்த்தர் ஒங்கள ஆசீர்வதிப்பாரு, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அன்றைக்குப் பகவதிப்பெருமாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “பாத்தியாட்டி, நாளைக்கு வரும்னேன், வந்துட்டுல்லா?” என்று வடிவாம்பாளிடம் மூன்று தடவை சொன்னார். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னாளில் அவர் தம் தலையில் தாமே அடித்துக்கொண்டதுண்டு.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை வண்டி வந்து போய்க் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஞானபாய் வந்து நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பகவதிப்பெருமாள் எழுந்து நின்றார். என்ன என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் முந்தியை அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்துக் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள். ஞானையன் மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது.

“பிரிக்கேல அண்ணாச்சி. வேற யாராவது கேட்டு வந்தா குடுங்க.”

“எம்மா...”

“செவ்வாக்கெழம அந்திக்கே போயிட்டாரு. புதங்கெழம மத்தியானம் எல்லாருஞ் சேந்து அடக்கமும் பண்ணிட்டினும். மழையில பொணத்த எத்தன நேரம் வச்சிருப்பினும்? ‘ஞானபாய் வந்தாளா, ஞானபாய் வந்தாளா’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாராம்.”

புதன்கிழமை மத்தியானம். அவர் மரத்தடியில் போய் நின்று ‘நிச்சயமா வரும்’ என்று சொன்ன அதே வேளை.

அவள் அழவில்லை. அழுகை எல்லாம் மலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. கோபமும் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வந்தவளைப் போலத்தான் பேசினாள்.

“நெய்யூர் மிஷன் ஆசுபத்திரில எனக்க அக்கா தூப்பு வேல பாக்கா. அங்க போனா எப்படியும் ரெண்டு மாத்திர வாங்கித் தந்திருப்பா. ஒங்க கடையில வரும்னதுனால போகேல. அதுவும் வேண்டாம், வெறுங்கையோட திரும்பியிருந்தாலும் திங்கக்கெழம ராத்திரியே வீட்டுல இருந்திருப்பேன். அவருக்க தலைய மடியில வச்சு ரெண்டு வாய் வெள்ளம் குடுத்திருப்பேன்.”

அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்கட்டா, அண்ணாச்சி? கேட்டுட்டுப் போயிருவேன். மொத நாளு நான் வந்து கேட்டப்போ, மறுநாளு மருந்து வாறதா இருந்துதா? எங்கேயாவது சொல்லி வச்சிருந்தியளா?”

ஆம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் நம்புகிறவள். பகவதிப்பெருமாள் அவளைப் பார்த்தார், அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அந்தக் கடையில் தாம் ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

“இல்ல.”

ஞானபாய் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

“இத அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி” என்றாள்.