வள்ளத்தின் முகப்பில் சிலுப்பி

ராயப்பு அண்ணே, உனக்குப் படம் வரைய வரும் என்பதே சிலுப்பியால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தூத்துக்குடியில் அப்பாவோடு மீன்பிடிக்கப் போய்வந்தவன் என் அண்ணன்; நான் தங்கச்சி. சிலுப்பி, நாங்கள் சின்ன வயதில் டிவியில் பார்த்த பழைய ஜப்பான் கார்ட்டூன் பையன். அகலக் கண், காற்றில் எழுந்து நிற்கிற முடி. எத்தனை அடி வாங்கினாலும் எழுந்து சிரிப்பான். அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. படிப்பை விட்ட பிறகும் அவனை நாங்கள் விடவில்லை.

எங்கள் கரையில் வள்ளத்தின் முகப்பில் புனிதர் படம்தான் இருக்கும். அண்ணன் அங்கே சிலுப்பியை வரைந்துவிட்டான். அது தெரியாமல் பெரியம்மா அதைத் தொட்டு முத்தமிட்டு, சிலுவை போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏலே, இது எந்தப் புனிதர்? தலையச் சீவ ஒரு சீப்பு கெடைக்கலியா இவருக்கு?”

“இப்பதான் புனிதர் பட்டம் குடுத்திருக்காவ, பெரியம்மா. நல்லா வேண்டிக்கோ,” என்றான் அண்ணன்.

கரையே சிரித்தது. அப்பா மட்டும், “கடலுக்குப் போற வள்ளத்துல வெளையாட்டாலே?” என்று திட்டினார்.

அவரை மடக்க அண்ணனுக்குத் தெரியும். அப்பா பொடியனாக இருந்தபோது இலங்கை ரேடியோவில் கேட்ட அறுபதுகளின் பாப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, இன்ஜின் சத்தத்தை மீறி ஸ்பீக்கரில் போடுவான். கிட்டாரும் கைத்தட்டலும் தொடங்கியதும் அப்பாவின் தோள் தானாக ஆடும். முகத்தில் கோபம் அப்படியே இருக்கும். அதைப் பார்க்கவே நான் மீன் எடுக்கிற சாக்கில் கரைக்குப் போவேன்.

மஞ்சள் காமாலை அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சிலுப்பியை அழித்து, அந்தோனியாரை வரைந்து, பங்குச் சாமியார் வந்து செபித்து மந்திரித்தபின் வள்ளத்தை இறக்கலாம் என்றார் அப்பா. நான் அழுதேன். அண்ணன் கையால் செய்தது என்று எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

“தெனமும் இந்த மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படிளா தொழிலுக்குப் போவேன்?” என்றார்.

நேற்று பெயிண்டர் பிரஷை வெள்ளையில் முக்கி, முடிமேல் ஒரு இழுப்பு இழுத்தார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லுங்க அண்ணாச்சி, நில்லுங்க.”

தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தார். ஆஸ்பத்திரியில் அண்ணனின் நெற்றியைத் துடைத்ததும் அப்படித்தான்.

“அந்தோனியாருக்கு அந்தப் பக்கம் எடமிருக்கு. இவன் இங்கனயே இருக்கட்டும்.”

நாளைக் காலையில் அண்ணன் இல்லாமல் அப்பா முதல் தடவையாகக் கடலுக்குப் போகிறார். இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.