எனக்கு நானே எழுதிய சிபாரிசு

அமெரிக்காவில் மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவனுக்கு மதிப்பெண்ணைவிடப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம்தான் பலம் என்றார்கள். டெல்லியில் எங்கள் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் திருநெல்வேலிக்காரர். கேட்டதுமே, "நீயே எழுதிட்டு வாலே, கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. வார்டில் நிற்கவைத்துக் கேள்வியாலேயே வறுத்தெடுக்கிறவர் இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாரா? பயல் எவ்வளவு பீற்றிக்கொள்கிறான் பார்ப்போம் என்று வைத்த பொறிதான் இது. நான் என்ன எலியா? மிக ஜாக்கிரதையாக எழுதினேன்: 'இவர் நேரத்துக்கு வருவார். சொன்னதைச் செய்வார். நோயாளிகள் இவரைப் பற்றிப் புகார் சொன்னதாக நினைவில்லை.'

கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதை அடித்துக் கொடுத்துவிட்டு, "வேலையைவிட்டு நிறுத்துகிறார்களா, பையா?" என்று இந்தியில் அனுதாபப்பட்டார்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"யாருல எழுதுனது?"

"நான்தான் சார்."

"ஒனக்கும் இதுல இருக்கிற பயலுக்கும் ஏதும் சண்டையா?"

கிழித்துப் போட்டார். "போ, நானே எழுதுதேன்."

மறுநாள் ஒட்டிய உறை கைக்கு வந்தது. ஒட்டின இடத்தின் குறுக்கே அவர் கையெழுத்து. கடிதத்தைப் பார்க்க உரிமை கோரமாட்டேன் என்று விண்ணப்பப் படிவத்தில் நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து பால்கனி வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மூன்று தாளைச் சேர்த்து மடித்ததில் எழுத்தின்மேல் எழுத்து. 'நாட்' என்ற ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் தெரிந்தது. இல்லை என்றால், எது இல்லை?

"திட்டறதுக்கு யாராவது மூணு பக்கம் எழுதுவாங்களாடா?" என்றாள் அம்மா.

அவர் திட்ட ஆரம்பித்தால் மூன்று பக்கம் போதாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வேறு கடிதம் ஏது? அனுப்பினேன்.

நேர்முகத்தில் அமெரிக்க மருத்துவர் அந்தக் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். சிரித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சிரித்தார். தலைகீழாகப் படிக்க முயன்று கழுத்து சுளுக்கியதுதான் எனக்கு மிச்சம்.

"உங்களைப் பற்றி நீங்களே எழுதினால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

எங்கள் பேராசிரியர் அதையும் எழுதித் தொலைத்திருக்கிறார்!

"நேரத்துக்கு வருவான்" என்றேன்.

மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இடம் கிடைத்தது. அந்த 'நாட்' எதற்கு முன்னால் வந்தது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. பயிற்சி முடியும்வரை ஒருநாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை. யாராவது சரிபார்த்துக்கொண்டிருக்கலாம்.