தலையாட்டும் தலைவர்

மட்டாஞ்சேரியில் சுற்றுலாக்காரர்கள் வரும் கடையொன்றில், தொட்டால் தலையாட்டும் தலைவர் பொம்மை ஒன்றைப் பார்த்தேன். அதன் பெயிண்ட் வாசனை, கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே ஓட்டல்காரர்களின் கார்கள் நிற்கின்றன.

தேர்தல் வந்தால் அப்பா அங்கே ஊர்வலங்களுக்காகக் காகிதக்கூழில் தலைவர்களின் தலைகளைச் செய்வார். மழைக்காலத்தில் அவை காயாமல், புளித்த பசை நாற்றத்தோடு எங்கள் பாய்க்கு மேலே கயிற்றில் தொங்கும். கொலு பொம்மைக்குச் செய்வதுபோலவே, கடைசியில் அம்மா விளக்கேற்றி வைத்து அவற்றுக்குக் கண் எழுதுவாள்.

ஒரு தேர்தலின்போது, தங்கள் தலைவரின் தலைகளைச் செய்யச் சொல்லியிருந்த கட்சிக்காரர் ஓடிவந்தார். "அண்ணாச்சி, ஆளு எதிர்க்கட்சிக்குப் போயாச்சு. எல்லாத்தையும் உடச்சுத் தூரக் கள."

"கண்ணு தொறந்தாச்சே சேட்டா, உடைக்கலாமா? தண்ணியிலதான் விடணும்" என்றாள் அம்மா.

அப்பா அவற்றைச் சாமி சிலைபோல, கால்வாய் போய்ச் சேரும் காயலில் விட்டார். உள்ளே காலியான, பெயிண்ட் பூசிய தலைகள் கரையவில்லை. கடல் ஏறிக் காயல் தண்ணீர் உயர்ந்ததும் மிதந்து, தலைவரின் புதிய ஆட்கள் கூடியிருந்த படகுத்துறைக்கே போய்ச் சேர்ந்தன.

"எங்க நேதாவக் காயல்ல எறிஞ்சது நீதானேடா?"

கொட்டகை வாசலில் வைத்தே அப்பாவை அடித்தார்கள். "சாமிக்குச் செய்யறதத்தானே செஞ்சோம்" என்று அம்மா குறுக்கே விழுந்து கத்தியதை யாரும் கேட்கவில்லை. அதன்பின், சாகும்வரை அப்பாவின் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"நல்ல ஐட்டம் சேட்டா, எடுத்தோ" என்று கடைக்காரர் பொம்மையைத் தட்டிவிட்டார். நான் விரலை வைத்து அந்தத் தலையை நிறுத்தினேன்.