குழாயடியில் ஓர் ஆய்வேடு

பி.ஏ. கடைசி வருடத்தில் ஆய்வேடு எழுதச் சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு மேலே நின்று மார்க் போடுவது மாதிரி. என்னோடு தத்தளித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் தத்தளித்தது எழுபதுகளின் நடுவில். எனக்குக் கூடுதலாக ஒரு பயமும் உண்டு. அப்பாவுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. ஆய்வேடு தேறினால் எம்.ஏ., தேறாவிட்டால் கடையில் கல்லா என்று சொல்லிவிட்டார். திருநெல்வேலிக்காரர், சொன்னால் சொன்னதுதான்.

முந்திக்கொண்ட முடிவு

'சென்னையின் குடிநீர்ப் பிரச்சினை: அன்றும் இன்றும்' என்று தலைப்பு வைத்தேன். எனக்கு வழிகாட்டியாக வாய்த்த மயிலாப்பூர் மேடம் 'சென்னையின்' என்பதை அடித்தார். 'அன்றும்' என்பதை அடித்தார். கடைசியில் சாந்தோமில் ஒரே ஒரு தெருக்குழாய் மிஞ்சியது.

குழாயடி என்றால் சண்டை, இது ஊரறிந்த விஷயம். ஆகவே 'மக்களிடம் ஒழுங்கில்லை' என்று முடிவுரையை முதலில் எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டுக் கொண்டுபோனேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முடிவை ஆத்துலயே உக்காந்து எழுதிண்டு வந்துட்டே. அப்புறம் குழாயடிக்கு எதுக்குப் போறே, தண்ணி குடிக்கவா?”

பளபளக்கும் குடம்

மறுநாள் காலை நோட்டும் கையுமாகக் குழாயடியில் நின்றேன். பெண்கள் கூட்டத்தில் மீசை வைத்தவன் சும்மா நின்றால் என்ன நினைப்பார்கள்? மீன் விற்கும் அந்தோணியம்மாள், “குடம் இல்லாம இங்க இன்னாடா வேலை?” என்று விரட்டியே விட்டாள். அடுத்த நாள் எங்கள் கடையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தோடு போனேன். புத்தம் புதுசு. கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது.

எழுதி வைத்திருந்த கேள்விகளை வாசித்தேன். இங்கே சண்டை வருமா? வராது. யாராவது முந்துவார்களா? மாட்டார்கள். பேட்டி என்றதும் எல்லாரும் சாதுக்களாகிவிட்டார்கள். அந்தோணியம்மாள் என் குடத்தைத் தட்டிப் பார்த்தாள்.

“சொம்மா கேட்டுக்கினே கீறியே, மொதல்ல தண்ணி புடி. நெளிஞ்சாத்தான் அது குடம்.”

உட்காரக் கிடைத்த கல்

பிடித்தேன். தினமும் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தேன். குடம் நெளிந்தது. கேள்விகளை நான் விட்டதும் பேச்சு தானாக வந்தது.

ஒருநாள் கால் கடுத்தது. இரண்டு குடங்களுக்கு நடுவில் ஒரு கல் கிடந்தது. வசதியாகப் போயிற்று என்று அதன்மேல் உட்கார்ந்து, ஒழுங்கின்மை பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். வரிசை மொத்தமும் என்மேல் பாய்ந்தது. மேரி என்பவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். அவள் வரும்வரை அவளுக்குப் பதில் அந்தக் கல் வரிசையில் நிற்கும். பின்னால் நிற்பவள் அதைக் காலால் உருட்டி விடுவாள், கல்லின் முறை வந்தால் மேரி வீட்டுக்கு ஒரு குடம் போகும். தண்ணீருக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறவர்கள்தான், ஆனால் கல்லை மட்டும் யாரும் ஏமாற்றியதில்லை. அடிக்கோடு போட்ட என் முடிவுரையை அன்றைக்கே கிழித்தேன். அப்படிக் கிழிக்க வைத்தது அந்தோணியம்மாளின் ஒரு கத்தல்தான்.

“எயுந்திருடா! மேரி மேல குந்திக்கினு இன்னா எயுதறே?”

'நான்' வரக் கூடாது

ஆய்வேட்டில் 'நான்' என்ற சொல்லே வரக் கூடாதாம். ஆகவே 'ஆய்வாளர் கண்டறிந்தார்' என்று என்னையே மரியாதையாக எழுதினேன், திட்டு வாங்கியதை விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், “கல் ஒரு மனுஷிக்குச் சமம்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று கேட்டார். கண்முன்னே கல்லாப்பெட்டி தெரிந்தது. வேறு வழியில்லாமல், கல்மேல் உட்கார்ந்ததையும் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் அப்படியே சொன்னேன். மனிதர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

“இதை விட்டுட்டு வேற என்னத்தையோ எழுதியிருக்கீங்களே! இதையும் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுங்க, பாஸ்.”

அப்பாவின் முடிச்சு

கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். ஒரு வாடிக்கையாளருக்காக அண்டாவில் சணல் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பழகிய கையில் முடிச்சு மட்டும் நழுவி நழுவிப் போனது. எவ்வளவு சந்தோஷம் என்று அந்தக் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“சரிலே, மேல படி. கல்லாவுல உக்காருததுக்கு எனக்கு ஆளா கிடைக்காது?”

தேர்வாளர் கேட்ட பக்கத்தோடு நன்றியுரையையும் சேர்த்தபோதுதான் கவனித்தேன், என்னைத் திட்டியவர்களின் பெயர்களிலேயே தாள் நிறைந்துவிட்டது, பாராட்டியவர் ஒருவருக்கும் இடம் இல்லை.