வாழைக்காய்க்கு நாலு டிகிரி

நேற்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கறுக்கவிட்டீர்கள். நான் திட்டவில்லை. நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். டை கட்டிய பெரிய மனுஷர் ஒருவர் ஒரு லாரி வாழைக்காயையே அப்படிக் கெடுத்ததைப் பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு பழக் கிடங்கில், ஏற்றி இறக்கும் வேலை. புஜைரா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பழத்தைக் குளிர் லாரியில் மலைப்பாதை வழியே கொண்டுவருவோம். ஓட்டுபவர் பெஷாவர் பக்கத்துக் கான் பாய். டீசல், ஏலக்காய் டீ, ஈர அட்டைப்பெட்டி எல்லாம் கலந்த வாசனை அந்த முன்சீட்டில் எப்போதும் இருக்கும்.

கான் பாயின் அப்பா ரயில்வேயில் இருந்தவராம், கரி இன்ஜின் காலத்தில். திராட்சை ஏற்றிய வேகனில் ஐஸ் பாளம் அடுக்கி, வழி ஸ்டேஷன்களில் கரைந்த அளவுக்குப் புதுப் பாளம் போட்டு, மூன்று நாள் தூரம் அனுப்புவார்களாம். எந்தப் பழம் ஐஸுக்குப் பக்கத்தில், எது தள்ளி என்று தொட்டுப் பார்த்தே சொல்வாராம். எங்கள் மேனேஜரிடம் பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. பழத்தில் குத்த வேண்டியதைக் காற்றில் நீட்டிவிட்டுத் தலையாட்டுவார்.

ஒருநாள் துறைமுகத்துக்கு அவரே வந்தார். ஏறிக்கொண்டிருந்தது பச்சை வாழைக்காய்.

"எல்லாத்துக்கும் நாலு டிகிரி வை. கூலா இருந்தாத்தான் ஃப்ரெஷ்."

"அது ஆப்பிளுக்கு சார். வாழைக்குப் பதிமூணு. பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

"அது பெட்டி செஞ்சவன் நம்பருப்பா. நீ எத்தனாங் கிளாஸ்?"

"ஒம்பது சார்."

"அப்ப பெட்டியத் தூக்கு."

"சாப், கேலா மர் ஜாயேகா!" வாழை செத்துப்போகும் என்று கான் பாயும் கெஞ்சினார். மேனேஜர் தானே கேபினில் ஏறி, குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகி, யாரும் மாற்றாதபடி அதன்மேல் டேப்பும் ஒட்டினார். அவ்வளவு படிப்பு!

கிடங்கில் பழுக்கவைக்கும் அறை காலியாகவில்லை. லாரி இரண்டு நாள் வாசலிலேயே, குளிர் மெஷின் ஓடியபடி நின்றது. பிறகு அறையில் ஏற்றி, சில நாள் கழித்துத் திறந்தால் ஒரு காய்கூட மஞ்சளாகவில்லை. எல்லாம் சாம்பல் நிறம். வாசனையே இல்லை. முதலாளி அரபாப் ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்று போய்விட்டார். மேனேஜர் முதல் வேலையாக டேப்பைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூத்தவளே, அப்போது நீ பிறந்து ஏழு மாதம். உன்னைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அந்த வாரம் எனக்கு லீவு. என் பாஸ்போர்ட்டோ மேனேஜர் டிராயரில்.

"டிரைவர்தான் குமிழத் திருகுனான், நீ பாத்தே. இதுல கையெழுத்துப் போடு, வியாழக்கிழமை ஃப்ளைட். இல்லையா, விசாரணை முடியட்டும். லீவ அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எழுத்துக் கூட்டினேன், கான் பாயின் பெயர் இருந்தது. போட்டேன்.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுவிட்டது அவர்தான். நான் கையெழுத்துப் போட்டது அப்போது அவருக்குத் தெரியாது. ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை என் மடியில் வைத்து, "மதராஸி பாய், பேட்டி கோ மேரா சலாம்" என்றார். உனக்குச் சலாம். முதல்முறை உன்னைத் தூக்கியபோது நீ வீறிட்டு அழுதாய்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினேன். அவர் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். முன்சீட்டில் வேறு யாரோ.

அந்தக் கிடங்கு இப்போது இல்லை, டயர்க் கடை என்கிறார்கள். லாரி இரும்புக்குப் போயிருக்கும். அந்தத் தாளும் எப்போதோ குப்பையில் போயிருக்கும். மேனேஜரை இவ்வளவு திட்டினேன், திட்டத் தகுந்த ஆள்தான். ஆனால் அந்தத் தாளில் இருந்த கையெழுத்து அவருடையது இல்லை, பிள்ளைகளே. உங்கள் அப்பாவுடையது.