வழி கேட்காத வேன்

எங்கள் மாவட்டத்தில் வேன் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வழி கேட்கவும் தெரிய வேண்டும். உள்ரோடுகளில் பெயர்ப்பலகை கிடையாது. டீக்கடை முன்னால் நிறுத்தி, “மக்கா, இந்த ரோடு எங்க போவுது?” என்று கேட்டால் வழியும் கிடைக்கும், நாம் தேடிப் போகிற வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தியும் கிடைக்கும். கன்னியாகுமரியில் சொந்த வேன் ஓட்டிய என் கணவர் இதில் மகா கெட்டிக்காரர்.

இரண்டாயிரத்துப் பதினொன்று வாக்கில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பினார், குரல் போய்விட்டது. உயிர் கிடைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் மட்டும் சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் வண்டியை எடுத்தார். வழி கேட்பதற்குச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டிக்கொண்டு, ஆட்கள் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் இரணியலுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபத்துக்குக் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போனவர், உள்ரோடுகளில் மாட்டிக்கொண்டு சுற்றினார். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள்; வழி டிரைவர் பாடு என்று தூங்கிவிட்டார்கள். மண்டபத்தைக் கண்டுபிடித்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பெண்ணின் மாமா வண்டியிலிருந்து இறங்கும்போது, “பேச முடியாதவரு எதுக்குவே வண்டி ஓட்டணும்?” என்று கேட்டாராம். மறுநாள் வேனைத் தகரக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவர் அதை வாங்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சாகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த வாரம்தான் கல்ஃபில் இருக்கும் கொழுந்தன், தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால், பழைய லேப்டாப்பை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். உள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கிறது, வழி சொல்லும் மென்பொருளும் போட்டிருக்கிறேன் என்றான். நான் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன்.

திறந்ததும் ‘ஜி.பி.எஸ். இல்லை’ என்று காட்டியது. இருக்கிறதென்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது, இல்லையென்று மென்பொருள் சாதிக்கிறது. எனக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது. ஜி.பி.எஸ். எந்த வழியாகப் பேசும் என்று குறிக்கும் போர்ட் எண்களை ஒவ்வொன்றாக மாற்றினேன், அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், கொழுந்தனைப் போனில் பிடித்துத் திட்டினேன்.

“மைனி, சிம் கார்டு போட்டியளா? சிம் போடுக கார்டுலதான் ஜி.பி.எஸ்ஸும் இருக்கு. அது ஆன் ஆனாத்தான் இதுவும் ஆகும்” என்றான்.

வீட்டில் சும்மா கிடந்த சிம் ஒன்றே ஒன்றுதான். பேச முடியாதவருக்கு எதற்கு என்று பீரோவுக்குள் போய்விட்ட அவருடைய செல்போனில் இருந்தது. கேட்கத் தயங்கினேன். அவரே எடுத்துவந்து, சிம்மைக் கழற்றி என் கையில் வைத்தார்.

போட்டதும் புதிதாக ஒரு போர்ட் முளைத்தது. மென்பொருளில் அந்த எண்ணையும் தகவல் வரும் வேகத்தையும் கொடுத்தேன். ‘இல்லை’ என்றது மறைந்து, ‘செயற்கைக்கோளைத் தேடுகிறது’ என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் கணவர் தார்ப்பாயின் ஓரத்தை விலக்கிக் கண்ணாடியைத் தட்டி மேலே கையைக் காட்டினார். தகரக் கூரை; அதற்குக் கீழே தார்ப்பாய்; அதற்குள்ளே நான். எந்தச் செயற்கைக்கோள் என்னைப் பார்க்கும்?

அவர் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பித் தெருவுக்குக் கொண்டுவந்தார். பல நாளுக்குப் பிறகு அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் எங்கள் தெருவே தெரிந்தது. அதன்மேல் ஓர் அம்புக்குறி நின்றது. அவர் வண்டியை நகர்த்தினார், அதுவும் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் அந்த மண்டபத்துக்கே போய்ப் பார்ப்பது என்று கிளம்பினோம். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். ‘டர்ன் லெஃப்ட்’ என்று ஒருத்தி இங்கிலீஷில் உத்தரவு போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த சீட்டில் உட்கார்ந்து உத்தரவு போட்டது நான்தான். இருந்தாலும் அவளை மன்னித்தேன். மெயின் ரோட்டிலிருந்து இரணியல் பக்கம் திரும்பியதும் அவள் ஒரு ஒடுக்கமான சந்தைக் காட்டினாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கை தானாகக் கண்ணாடியை இறக்கியது, தலை தானாக வெளியே போனது.

“அண்ணே, மண்டபத்துக்கு இப்பிடியா போவணும்?”

“நேர போ மக்கா! அங்க வேற ஆருட்டயாவது கேளு” என்றார் டீக்கடைக்காரர்.

என் கணவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். இறங்கு என்று கை காட்டினார். நான் வழி கேட்டுச் சொன்னால், அவரே கண்டுபிடித்துப் போனதாக எப்படி வைத்துக்கொள்ள முடியும்? நான் கூடவே இருந்தால் அவரால் தனியாக ஓட்ட முடியுமா என்று யாருக்குத் தெரியும்? அது எனக்கு அப்போது புரியவில்லை. நடுரோட்டில் இறக்கிவிடுகிறாரே என்று சண்டை பிடித்தேன். அவர் லேப்டாப்பை வாங்கி என் சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, டீக்கடைக்காரர் சொன்ன நேர்ரோட்டை விட்டு, திரை காட்டிய அந்தச் சந்துக்குள் திரும்பினார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, குடிக்காத டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். டீ ஆறிப் போனது. வெயில் ஏறியது. எங்கோ வழி தெரியாமல் நிற்கிறார், கேட்கவும் முடியாமல் நிற்கிறார் என்று நினைத்து எழுந்தபோது, அதே சந்திலிருந்து வேன் வந்தது.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சந்துக்குள் புகுந்து, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்தது வரை வண்டி போன தடமாக நீலக்கோடு விழுந்திருந்தது. எங்கும் தடுமாறிய வளைவு இல்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னுடையதைச் சொல்லவே வேண்டாம்.

பிறகு என் செல்போனைக் காட்டி, பேசு என்று சைகை செய்தார். அஞ்சுகிராமத்துக்காரரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, நாளைக்கு வராதீங்க. வண்டி விக்கல்ல.”

“ஏன், வேற ஆரும் கூடுதல் தாறாங்களா?”

“இல்லண்ணே. வண்டிக்கு டிரைவர் வந்தாச்சு” என்றேன்.