பெயர் போடாத நன்றி

யாராவது கைகொடுத்தால் கோணேஸ்வரியின் பார்வை முகத்துக்குப் போகாது; முழங்கையின் உள்மடிப்புக்குத்தான் போகும். அங்கே நரம்பு நன்றாகப் புடைத்திருந்தால் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். போன ஆவணியில் ஒரு கலியாண வீட்டில் அறுகரிசி தூவி வாழ்த்த மணவறைக்குப் போனவர், தலைப்பாகையும் பட்டும் சரிகையுமாக இருந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவருடைய கையை ரசித்துக்கொண்டு நின்றார். "நல்ல நரம்பு தம்பி. கலியாண அலைச்சல் எல்லாம் முடிய ஒருக்கா வந்து ரத்தம் தந்திட்டுப் போங்கோ" என்றார். மாப்பிள்ளையின் தாய் முகத்தைச் சுளித்தது அவருக்குத் தெரியவே இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் அவர் வைத்தியர். வீடு அன்புவழிபுரத்தில். ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது, இரத்த வகை நிற்கும். மீன் சந்தைக்குள் நுழையும்போதே "ஏ பொசிட்டிவ் அண்ணை, பாரை என்ன விலை போகுது?" என்று குரல் கொடுப்பார். அந்த அண்ணை கோபிக்கமாட்டார். மாறாக, பட்டம் கிடைத்தவர்போல நிமிர்ந்து உட்காருவார். பக்கத்துக் கடைக்காரருக்குத்தான் பொறுக்காது. "என்ர என்ன குறூப் டொக்டர்?" என்று கேட்பார். "வந்து தந்தால்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவரிடமும் ஒரு கூறு நெத்தலி வாங்கிக்கொண்டு போவார் கோணேஸ்வரி.

இப்படி ஊருக்குள் திரிகிறவர் மருத்துவச் சஞ்சிகைகளுக்கு ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர் என்றால் பலர் நம்பமாட்டார்கள். இரத்த வங்கியின் பின்னறையில், பிளேட்லெட் எனும் சிறுதட்டுகள் கட்டிபடாமல் அவற்றின் பைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு, எழுதிய வசனங்களை அதனிடம் உரக்க வாசித்துக் காட்டுவார். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கிண்ணியாக்காரர் முனாப் அதைப் பார்த்து, "மெடம், அது தலையாட்டுதெண்டு நம்பி அனுப்பிராதீங்க. அது எல்லாத்துக்கும் தலையாட்டும்" என்பார். கோணேஸ்வரி அசையமாட்டார். வாசித்து முடித்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அவர் அனுப்பியவை பெரும்பாலும் போன வேகத்தில் திரும்பி வந்தவை. 'சர்வதேச வாசகர்களுக்குப் போதிய ஆர்வம் தராது' என்று ஒரு சஞ்சிகை எழுதியிருந்தது. அன்று முழுக்க அவர் வாயில் அதுதான். "ஆருக்கு ஆர்வமில்லையாம்? ரத்தம் தேவைப்பட்டுக் கிடக்கிறவனுக்கோ?" பெட்டி தலையாட்டியது. ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "இஞ்ச ஒரு டொக்டர் அதிசயமான ஒண்டைக் கண்டுபிடிப்பார். பிறகு மாற்றலாகிப் போவார். அவரோட சேர்ந்து அந்த நோயும் பஸ் ஏறிப் போயிடும். எழுதினாத்தான் நிக்கும்."

எழுதுகிறதில் அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. நன்றி சொல்வது. யாரிடம் எதைப் பெற்றாலும் பெயர் சொல்லி நன்றி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தாயார் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நன்றி நவிலலில், தண்ணீர்ப் பீப்பா இரவல் தந்தவரின் பெயர் விடுபட்டுப் போனதென்று அச்சகத்துக்கு ஓடிப்போய், அடித்த அட்டைகள் எல்லாவற்றையும் நிறுத்தியவர். கட்டுரை எழுதினாலும் கடைசியில் நன்றி சொல்லும் பந்தியைத்தான் முதலில் எழுதுவார். அந்தப் பந்திதான் அவரை ஒருநாள் கவிழ்த்தது.

சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த தேனுகா இரண்டாவது பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் நின்றாள். பேறு சிக்கலாகும், இரத்தம் ஆயத்தமாக வேண்டும் என்று வார்ட்டில் இருந்து சொல்லியனுப்பினார்கள். முனாப் அவளுடைய இரத்தத்தை ஒரு பையோடு பொருத்திப் பார்த்தார், பொருந்தாமல் திரண்டது. வேறொன்று, அதுவும் திரண்டது. குளிர்ப்பெட்டியில் அவளுடைய வகையில் இருந்த பைகள் எல்லாமே அப்படித்தான். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில் விஷயம் தெளிவானது. ஏறக்குறைய உலகத்தில் எல்லாருடைய செங்குழியங்களிலும் இருக்கும் ஓர் அடையாளம் தேனுகாவின் இரத்தத்தில் இல்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அவளுடைய உடல் அந்த அடையாளத்தை அந்நியன் என்று கண்டு, அதை அடித்துத் துரத்தப் பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்திருக்கிறது. இனி ஊரில் யாருடைய இரத்தத்தை ஏற்றினாலும் ஆபத்து.

"கூடப் பிறந்தவை ஆரும் இருக்கினமோ பிள்ளை?" என்று கேட்டார் கோணேஸ்வரி. ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளில்தான் இப்படி இன்னொருவர் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். தங்கை தனுஷிகாவின் இரத்தம் திரண்டது. அண்ணன் கிருஷாந்தன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்கிறவன். வேலை உடுப்போடேயே வந்தான். அவனுடைய இரத்தம் திரளவில்லை. முனாப் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கோணேஸ்வரி குழாயைப் பார்க்காமல் கிருஷாந்தனின் கையைப் பார்த்தார். நல்ல நரம்பு. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

இதை எழுதியே ஆகவேண்டும் என்று கோணேஸ்வரிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. தேனுகாவிடம் சம்மதம் கேட்டார். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்கோ டொக்டர். ஆனா நாங்கள் ஆரெண்டு மட்டும் தெரியக்கூடாது. தனுஷிகாவுக்கு நிலாவெளியில கலியாணம் பேசுகினம். எங்கட ரத்தத்தில ஏதோ பிழையாமெண்டு ஒரு கதை கிளம்பினாக் காணும், அவையள் வரமாட்டினம்." பிழை ஒன்றுமில்லை என்று வைத்தியருக்குத் தெரியும். ஊருக்கு விளங்கப்படுத்த ஏலாது என்பதும் தெரியும். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தார்.

கிருஷாந்தனும் ஒன்று கேட்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டான். "அதில என்ர பேர் வருமோ டொக்டர்?"

"வராமல்? உங்களுக்கு நன்றி சொல்லாமல் நான் ஆருக்குச் சொல்லுறது?"

இரண்டு வாக்கையும் மனதாரத்தான் கொடுத்தார். ஒன்று மற்றதை விழுங்கும் என்பது, இரத்தத்தோடு இரத்தத்தைப் பொருத்திப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த மனுஷிக்குத் தட்டுப்படவில்லை. தேனுகாவின் பெயரை எடுத்தார், ஊரை எடுத்தார், பிள்ளை பிறந்த மாதத்தைக்கூட எடுத்தார். 'கிழக்குக் கரையில் ஒரு கர்ப்பிணிப் பெண்' என்று மட்டும் விட்டார். பிறகு நிம்மதியாகக் கடைசிப் பந்திக்குப் போய், இரத்தம் தந்த சீனன்குடாக் கிருஷாந்தனுக்குத் தன் மனமார்ந்த நன்றி என்று எழுதினார்.

கட்டுரையை இம்முறை ஏற்றுக்கொண்டார்கள். அவர் தன்னந்தனியாக முன்நின்று எழுதி, ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை ஏற்ற முதல் கட்டுரை. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லிப் பக்கங்கள் வந்தன. அன்று அவர் பெட்டிக்கு வாசித்துக் காட்டவில்லை. கிருஷாந்தனை அழைத்தார். அவன் வேலை முடிந்த கையோடு எண்ணெய் மணக்க மணக்க வந்து கதிரையின் நுனியில் இருந்தான். ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார். "இவவின்ர தமையனின்ர ரத்தம் மட்டும்தான் பொருந்தினது." அவன் தலையசைத்தான். கடைசிப் பந்தியில் அவனுடைய பெயர் வந்தபோது கண் கலங்கிவிட்டது.

"அதை இன்னொருக்கா வாசியுங்கோ டொக்டர்."

வாசிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டியள்?"

"தம்பி, உங்கட பேரை எடுக்கவேணும்."

"ஏன்?"

"ரத்தம் தந்தது தமையன் எண்டு மேல கிடக்கு. தமையன் ஆரெண்டு கீழ கிடக்கு. பிறகென்ன? தேனுகாவைத் தேடிப் பிடிக்கிறது ஆருக்கும் கஷ்டமில்லை."

அவன் தாளைப் பார்த்தபடி இருந்தான். "இங்கிலீஷில தானே கிடக்கு. எங்கட ஊரில ஆர் வாசிக்கப் போகினம்?"

"ஓராள் வாசிச்சாக் காணும். ஃபோனில படம் எடுத்து அனுப்பினா அண்டைக்கே நிலாவெளிக்குப் போயிடும்."

பிறகு அவன் சொன்னான்: "அம்மாட்டச் சொல்லிப்போட்டன் டொக்டர். என்ர பேர் வெளிநாட்டுப் புத்தகத்தில வருதெண்டு."

கிருஷாந்தன் எழுந்தான். "எடுங்கோ" என்றான். எங்கே புறப்பட்டாலும் 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டே போகிறவன், அன்று ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.

அவருக்கு அவமானமாக இருந்தது. தேனுகாவைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தோம், அண்ணனுக்கு ஆசை காட்டி மோசம் செய்தோம் என்று இரண்டையும் சேர்த்து நொந்துகொண்டார். உடனே சஞ்சிகைக்கு எழுதினார். அந்தப் பெயரை எடுக்க ஏலாதென்றால் கட்டுரையே வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்று எழுதியதை முனாப் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். "மெடம், எத்தன வருஷம் பட்ட பாடு!"

"கிடக்கட்டும் முனாப்."

பதில் வரும்வரை அவர் சந்தைக்குப் போனாலும் ஒருவரையும் இரத்த வகை சொல்லிக் கூப்பிடவில்லை. நல்லவேளை, பெயரை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. கட்டுரையும் வந்தது. ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். தனக்குத் தந்த துண்டை அவர் முனாப்பின் தட்டில் வைத்துவிட்டார். அவர் எத்தனை தரம் அழைத்தும் கிருஷாந்தன் தொலைபேசியை எடுக்கவில்லை.

தனுஷிகாவின் கலியாணத்துக்கு அட்டை வந்திருந்தது. போனார். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றவன் கிருஷாந்தன்தான். வேட்டி கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கோணேஸ்வரி அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவனுடைய முகத்தைத்தான் பார்த்தார். அவன் பன்னீரைத் தெளித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினான். நிலாவெளி மாப்பிள்ளை வீட்டார் உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அழுதார்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு பிள்ளைத்தாச்சி. அதே பிறபொருளெதிரி. உடன்பிறப்பு எவரும் இல்லை. 'உங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்த இரத்தம் தந்தவர் இன்னமும் தருவாரா?' என்று அங்குள்ள வைத்தியர் கேட்டிருந்தார். கோணேஸ்வரி தொலைபேசியை எடுத்தார். வழக்கம்போல் மறுபக்கத்தில் மணி அடித்து ஓய்ந்தது. குரலைப் பதிந்து அனுப்பினார். "தம்பி, என்னோட கோவமா இருங்கோ, அது உங்கட நியாயம். ஆனா மலைநாட்டில ஒரு பிள்ளைத்தாச்சி கிடக்குது. உங்களை விட்டா அதுக்கு ஆரும் இல்லை."

முனாப் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறுமுன்பே அவன் வாசலில் நின்றான். நனைந்திருந்தான். கோபத்தை விட்டுவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. அதையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தான். "எந்தக் கட்டில்?" என்று மட்டும் கேட்டான். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக் கட்டிலில் படுக்க வைத்து, முனாப்பை விலக்கிவிட்டுக் கோணேஸ்வரியே ஊசியைப் போட்டார். குழாயில் இரத்தம் இறங்கத் தொடங்கியது.

மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் கேட்டான்.

"அந்த டொக்டருக்கு என்னை எப்பிடித் தெரியும்?"

கோணேஸ்வரி பின்னறைக்குப் போய்க் கட்டுரையின் கடைசித் தாளை எடுத்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி ஏறாத மற்றக் கையின் சுட்டுவிரலைப் பிடித்து, அவனுடைய பெயர் இருந்த இடத்தில் நின்ற, 'இரத்தம் தந்தவர்' என்று பொருள்படும் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லின் மேல் வைத்தார்.